'நைஸ்' என்றால் 'நல்ல' என்று மட்டும்தானா பொருள்?

ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றைத் தமிழாக்கும்போது 'திஸ் ரெய்ஸஸ் எ நைஸ் கொஸ்டின் ஆஃப் லா' என்ற வரியை 'இது ஒரு நல்ல சட்டக் கேள்வியை எழுப்புகிறது' என்று நீங்கள் எழுதியதாகவும், மூத்த மொழிபெயர்ப்பாளர் 'நல்ல' என்பதை அடித்துவிட்டு 'நுட்பமான' என்று திருத்தியதாகவும், காரணம் கேட்டதற்கு அகராதியைப் பார்க்கச் சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் ஆங்கில ஆசிரியர்கள் கட்டுரையில் 'நைஸ்' எழுதினால் கோடு போட்டது ஏன் என்றும், வீட்டில் 'மாவை நைஸா அரை' என்பதும் தெருவில் 'நைஸா நழுவிட்டான்' என்பதும் இதே சொல்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்குள் ஒரு சொல்லின் எழுநூறு ஆண்டு வரலாறு இருப்பதால் அதற்குத்தான் அதிக இடம் தேவைப்படும்.

திருத்தியவர் செய்தது சரிதான். அந்த வரியில் 'நைஸ்' என்பது பாராட்டுச் சொல்லே அன்று. இரு தரப்பு வாதங்களும் ஏறக்குறைய ஒரே எடையில் நிற்கின்றன, தராசு முள் எந்தப் பக்கமும் எளிதில் சாயவில்லை, மயிரிழை வேறுபாட்டைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே நீதிபதி அங்கே சொல்லும் செய்தி. இதற்கு நான் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு, பிரிட்டனில் 1991-ஆம் ஆண்டு மதிப்புக் கூட்டு வரித் தீர்ப்பாயத்தின் முன் வந்த ஜாஃபா கேக் வழக்கு. அந்நாட்டு வரிச் சட்டப்படி கேக்குக்கு வரி இல்லை. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு வரி உண்டு. ஜாஃபா கேக்கோ பிஸ்கட்டின் அளவில், பிஸ்கட் வரிசையில் விற்கப்படும் பண்டம். மேலே சாக்லேட் பூச்சு வேறு. அது கேக்கா, பிஸ்கட்டா? நாள்பட்டால் கேக் இறுகும், பிஸ்கட் நமத்துப்போகும், இதுவோ இறுகுகிறது என்பது உட்படப் பல கூறுகளையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, அது கேக்தான் என்று தீர்ப்பானது. ஒரு பண்டம் நமக்கிறதா இறுகுகிறதா என்பதுவரை இறங்கிப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்ற நிலையிலுள்ள கேள்வியைத்தான் பழகிய சட்ட ஆங்கிலம் 'எ நைஸ் கொஸ்டின்' என்கிறது. அதை 'நல்ல கேள்வி' என்று தமிழில் எழுதினால், நீதிபதி வழக்கறிஞரின் முதுகில் தட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும்.

ஒரு சொல் எப்படி இவ்வளவு விலகிய இரண்டு பொருள்களைச் சுமக்கிறது என்பதற்கு அதன் பிறப்பிலிருந்து வர வேண்டும். இலத்தீனில் 'ஸ்கீரே' என்றால் அறிதல். அதன் முன்னே மறுப்பு சேர்ந்து வந்தது 'நெஸ்கியுஸ்', அதாவது அறியாதவன். அது பழைய பிரெஞ்சு மொழியில் தேய்ந்து 'மடத்தனமான' என்ற பொருளில் நின்றது. ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டளவில் அதே பொருளோடு ஆங்கிலத்துக்குள் வந்தது. ஆகவே ஒருவனை 'நைஸ்' என்று அக்காலத்தில் சொன்னால் அவன் சண்டைக்கு வந்திருப்பான். 'சயின்ஸ்', 'கான்ஷியன்ஸ்' ஆகிய சொற்களும் அதே 'ஸ்கீரே' வேரில் கிளைத்தவைதாம். அறிவியலுக்கும் மனச்சான்றுக்கும் பெயர் தந்த வேரிலேயே அறியாமைக்கும் ஒரு சொல் முளைத்து, அது இன்று 'இனிய நாளாகட்டும்' என்ற வாழ்த்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் காலத்து உச்சரிப்பு 'நைஸ்' அன்று, 'நீஸ்' என்பதற்கு நெருங்கியது. நெடிலாக இருந்த ஆங்கில 'ஈ' ஒலிகள் பின்னர் 'ஐ' ஒலியாக மாறிய பெரிய மாற்றத்தில் இதுவும் மாறியது. பிரான்ஸின் தென்கரையில் இதே எழுத்துகளால் எழுதப்படும் நகரம் ஒன்று உண்டு. அதன் பெயர் கிரேக்கத்தில் வெற்றியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் சொல்லுக்கு அது உறவே இல்லை. ஆனால் அதை இன்றும் 'நீஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். வரைபடத்தைப் பார்த்து 'நைஸ் நகரம்' என்று செய்தித்தாளில் எழுதிவிடுகிறார்கள்; மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கும் நீங்களாவது அதைத் தவிர்க்கலாம்.

மடமையிலிருந்து இனிமைக்கு இச்சொல் ஒரே தாவலில் வரவில்லை. மடத்தனம் என்பது முதலில் பகட்டும் ஒழுக்கக்கேடுமான நடத்தையைக் குறித்தது. பிறகு எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கும், எதிலும் குறை காணும் அளவுமீறிய நாசூக்கைக் குறித்தது. நாசூக்குப் பார்ப்பவன் சின்ன வேறுபாட்டையும் கவனிப்பான் அல்லவா? அந்தப் படியில் நின்று சொல் திரும்பியது. நுண்ணிய வேறுபாட்டைக் காணும் பார்வை, அத்தகைய பார்வை தேவைப்படும் பொருள், மெல்லியது, துல்லியமானது என்றெல்லாம் பதினாறாம் நூற்றாண்டிலேயே பொருள்கள் விரிந்துவிட்டன. நுண்மையாகச் செய்யப்பட்டது பார்க்க நேர்த்தியாக இருக்கும், நேர்த்தியானது மனத்துக்கு இதமாக இருக்கும் என்ற வழியில் 'இனிய' என்ற பொருள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஊன்றிக்கொண்டது. அன்பாகப் பழகும் மனிதரைக் குறிப்பது அதற்கும் பிந்தியது. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதி இச்சொல்லுக்கு முதலில் தரும் பொருள், மிக நுணுக்கமாகத் துல்லியம் பார்த்தல் என்பதே.

இப்படி இழிந்த பொருளிலிருந்து உயர்ந்த பொருளுக்கு ஏறுவதை நம் மொழிநூலார் உயர்பொருட்பேறு என்பர். கள்ளுண்ட மயக்கத்தைக் குறித்த 'களிப்பு' இன்று தூய மகிழ்ச்சியாகிவிட்டது அதற்குத் தமிழ்ச் சான்று. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' மூக்கைப் பிடிக்க வைப்பது எதிர்த்திசையில் போன இழிபொருட்பேறு. ஆங்கிலத்திலும் எதிர்த்திசைப் பயணி உண்டு: 'சில்லி' என்ற சொல் ஒரு காலத்தில் 'பேறு பெற்ற, இறையருள் பெற்ற' என்று பொருள்பட்டது, பிறகு கள்ளமில்லாதவன், இரங்கத்தக்கவன் என்று இறங்கி, இன்று அசட்டுத்தனமாக முடிந்தது. 'நைஸ்' ஏறிய படிக்கட்டில் 'சில்லி' இறங்கியது என்று என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

ஆங்கிலக் கவிஞர் சாசர் பதினான்காம் நூற்றாண்டில் எழுதிய 'ட்ராய்லஸ் அண்ட் கிரிசைட்' காவியத்தின் இரண்டாம் பாகத் தொடக்கத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்குள் பேச்சின் வடிவம் மாறிவிடும், அன்று மதிப்போடு இருந்த சொற்கள் இன்று நமக்கு மடத்தனமாகவும் விசித்திரமாகவும் படுகின்றன என்கிறார். அங்கே 'மடத்தனமாக' என்பதற்கு அவர் எழுதிய சொல் இதே 'நைஸ்'தான். சொற்கள் பொருள் மாறும் என்று சொல்ல வந்த வரியிலேயே இருந்த சொல் பொருள் மாறிப்போய், உரை இல்லாமல் படிப்பவர் அவ்வரியைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் நிலை வந்துவிட்டது. பொருள் மாற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்றை நான் பார்த்ததில்லை.

கல்லூரியில் ஷேக்ஸ்பியர் படித்திருந்தால், 'ரோமியோ அண்ட் ஜூலியட்' நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் ஜூலியட்டின் உறவினன் டைபால்ட் இறந்தபின், ரோமியோவின் நண்பன் பென்வோலியோ இளவரசரிடம் நடந்ததைச் சொல்லும் இடம் நினைவிருக்கலாம். இந்தச் சண்டை எவ்வளவு 'நைஸ்' என்று எண்ணிப்பார்க்கும்படி டைபால்ட்டை ரோமியோ வேண்டினான் என்கிறான். அங்கே பொருள் 'அற்பமான'. ஐந்தாம் அங்கத்தில், போய்ச் சேராத கடிதத்தைப் பற்றிப் பாதிரியார் லாரன்ஸ் சொல்லும்போது, அது 'நைஸ்' அன்று, கனமான செய்தி கொண்டது என்கிறார். நுண்மை என்பது சிறுமையாகச் சாய்ந்த பொருள் இது. இன்றைய ஆங்கிலத்தில் வழக்கொழிந்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளரைக் கவிழ்க்கக்கூடிய இன்னொரு வரி வெலிங்டன் கோமகனுடையது. 1815-ஆம் ஆண்டு நெப்போலியனைத் தோற்கடித்த வாட்டர்லூ போருக்கு மறுநாள் பிரஸ்ஸல்ஸில் தம்மைச் சந்தித்த பிரிட்டிஷ் அரசியல்வாதி தாமஸ் கிரீவியிடம், தாமும் கூட்டணிப் படையின் பிரஷ்யத் தளபதி புளூக்கரும் முப்பதாயிரம் பேரை இழந்துவிட்டதாகச் சொன்ன அதே மூச்சில், அது 'டேம்ட் நைஸ் திங்' என்றும், அவ்வளவு நெருக்கமாக முடிந்த ஒன்றை வாழ்நாளில் கண்டிருக்க முடியாது என்றும் சொன்னார். அதை 'மிக அருமையான விஷயம்' என்று தமிழாக்கினால் வெலிங்டன் பிணங்களின் நடுவே கொண்டாடிய அரக்கனாகத் தெரிவார். அவர் சொன்னதோ, மயிரிழையில் தப்பினோம் என்பது. உங்கள் தீர்ப்பில் வந்த 'நைஸ்' இதற்கு மிக நெருங்கிய உறவு.

இந்தப் பழைய பொருள் இன்றும் வாழும் இடங்கள் எண்ணக்கூடியவை. கேள்வி, வேறுபாடு, சமநிலை, கணிப்பு, கருத்து நுணுக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் பெயர்ச்சொற்களுக்கு முன்னால், முறையான எழுத்தில் 'நைஸ்' வந்தால் 'நுண்ணிய', 'நுட்பமான', 'இழை வேறுபாடுடைய' என்ற பக்கமே முதலில் பாருங்கள். 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்பது அழகான வேறுபாடு ஆகாது, நுண்ணிய வேறுபாடு. அதன் பெயர்ச்சொல் வடிவமான 'நைஸிட்டி'யும் பழைய பொருளைக் காத்து வைத்திருக்கிறது: 'டு எ நைஸிட்டி' என்றால் இம்மி பிசகாமல் என்று பொருள். ஆனால் பெயர்ச்சொல்லை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடவும் கூடாது. விவாத மேடையில் நண்பர் ஒருவர் 'நைஸ் பாயின்ட்' என்று கத்தினால் அது 'நல்லாச் சொன்னே' என்பதுதான்; அதே இரு சொற்கள் தீர்ப்பின் பத்தியில் வந்தால் 'நுணுக்கமான சிக்கல்' என்று பொருள். யார், எங்கே, எந்தக் காலத்தில் சொன்னார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் சொல்லைத் தமிழாக்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

ஆசிரியரின் கோட்டுக்கு வருவோம். இச்சொல் எதற்கும் பொருந்தும் பொதுச்சொல்லாகிவிட்டது என்ற புகார் புதியதன்று. ஜேன் ஆஸ்டின் மறைந்த 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் ஆபி' நாவலில், பாத் நகரத்தை அடுத்த பீச்சன் குன்றில் மூவர் உலாவும் காட்சி இருக்கிறது. ஒரு நாவலை 'மிக நைஸான புத்தகம்' என்று கதாநாயகி கேத்தரின் சொன்னதும், உடன்வரும் ஹென்றி டில்னி அவளைக் கிண்டல் செய்கிறான்: நைஸ் என்றால் நேர்த்தி, அப்படியென்றால் அது புத்தகத்தின் பைண்டிங்கைப் பொறுத்தது என்கிறான், இன்று நைஸான நாள், நாம் போவது நைஸான நடை, நீங்கள் இருவரும் நைஸான பெண்கள், எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல் போதும் என்று நீட்டுகிறான். பெரும்பாலோர் இதுவரை மேற்கோள் காட்டி, ஆஸ்டினே இச்சொல்லை வெறுத்தார் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கோ அடுத்து, கூட நடந்துவரும் அவன் தங்கை கொடுக்கும் பதில்தான் பிடிக்கும். அவள் அவனைப் பார்த்து, நீ அறிவாளி என்பதைவிட 'நைஸ்' என்பதே பொருந்தும் என்கிறாள். அதாவது, குற்றம் கண்டுபிடித்தே திரிகிறவன் என்ற பழைய பொருளில் அந்தச் சொல்லை எடுத்து அவன்மீதே திருப்பி எறிகிறாள். சொல் பாதுகாவலர்களுக்கு அந்தச் சொல்லாலேயே விழுந்த அடி அது.

ஒரு நூற்றாண்டு கழித்து 1926-இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்குக் கையேட்டில் ஃபவுலரும் இதே புகாரை எழுதினார். சொல்லின் தனித்தன்மை போய் மங்கலான இனிமையைப் பரப்பும் கருவியாகிவிட்டது என்று வருந்திய அவர், பழியைப் பெண்கள்மீது போட்டார். அந்தப் பகுதி இன்று படிக்க நகைப்பாக இருக்கிறது. புகாரின் மற்ற பாதி நியாயமானது. 'நைஸ்' என்ற சொல் கேட்பவருக்கு எந்தத் தகவலும் தருவதில்லை. 'மதுரையில் ஒரு நைஸான வீட்டில் தங்கினோம்' என்று எழுதினால், அந்த வீடு விசாலமானதா, குளுமையானதா, பழைய தேக்குத் தூண்கள் வைத்ததா என்று ஒன்றும் தெரியாது. எழுதியவருக்குப் பிடித்திருந்தது என்பது மட்டும் தெரியும். ஆசிரியர் போட்ட கோடு சொல் தவறு என்பதற்காக அன்று, நீங்கள் பார்த்ததை எழுதவில்லை என்பதற்காக. தமிழ்க் கட்டுரையில் 'அருமை', 'சூப்பர்' ஆகியவற்றுக்கும் இதே கோடு பொருந்தும்.

பேச்சில் நிலைமை வேறு. தகவல் தருவது நோக்கமில்லாத இடங்களில் இச்சொல் கச்சிதமாக வேலை செய்கிறது. முதல்முறை அறிமுகமாகும்போது 'நைஸ் டு மீட் யூ' என்றும், பேசிப் பிரியும்போது 'நைஸ் மீட்டிங் யூ' என்றும் சொல்வதே இயல்பு. நம்மவர்கள் இரண்டையும் மாற்றிப்போடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஏற்கெனவே பழகியவரைப் பார்க்கும்போது 'மீட்' போய் 'சீ' வரும். 'நைஸ் அண்ட் வார்ம்', 'நைஸ் அண்ட் ஈஸி' என்று இன்னொரு பெயரடையோடு 'அண்ட்' சேர்த்து வந்தால் அங்கே 'நைஸ்' தனிப் பொருள் தருவதில்லை. நாம் 'நல்லா கதகதப்பா' என்று சொல்லும்போது 'நல்லா' செய்யும் வேலையை அது செய்கிறது. மேசையில் காப்பியைக் கொட்டியவனிடம் 'நைஸ் ஒர்க்' என்றால் அது நம் 'ரொம்ப நல்லாயிருக்கு' போன்ற குத்தல். குரலில்தான் பொருள் இருக்கிறது.

மனிதரைக் குறிக்கும்போது மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 'ஹி இஸ் எ குட் மேன்' என்பது ஒருவரின் ஒழுக்கத்துக்கும் நேர்மைக்கும் தரும் சான்று. 'ஹி இஸ் எ நைஸ் மேன்' என்பது அவர் பழக இனியவர் என்பதோடு நின்றுவிடும். கடன் வாங்கித் திருப்பித் தராதவரும் நைஸான மனிதராக இருக்க முடியும். ஆகவே வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது ஒருவரை 'நைஸ்' என்று மட்டும் எழுதினால், அவரிடம் சொல்லத்தக்க வேறு எதுவும் இல்லை என்று படிப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். தமிழில் 'நல்ல மனுஷர்' என்பது இரண்டையும் சேர்த்துச் சுமப்பதால் நமக்கு இந்த வேறுபாடு சட்டென்று படுவதில்லை.

இனி மாவுக்கு வருவோம். 'நைஸா அரை' என்பதிலும் 'நைஸா நழுவிட்டான்' என்பதிலும் இருப்பது ஆங்கிலத்திலிருந்து வந்த அதே சொல்தான். ஆனால் தமிழில் அது தனிக்குடித்தனம் நடத்துகிறது. அடை மாவு கொரகொரப்பாக இருக்க வேண்டும், தோசை மாவு நைஸாக இருக்க வேண்டும் என்று சொல்லும்போது அதற்குத் தெளிவான ஓர் எதிர்ச்சொல் இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் மாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது, 'ஃபைன்' அல்லது 'ஸ்மூத்' என்றுதான் சொல்ல வேண்டும். சேலை நைஸாக இருக்கிறது என்றால் இழை மெல்லியது, தொட வழவழப்பானது. அடுத்தது, ஓசைப்படாமல், பிறர் கவனிக்காமல் செய்வது: நைஸாக நழுவுதல், நைஸாகக் காதில் போட்டுவைத்தல். மூன்றாவது, இனிக்கப் பேசிக் காரியம் சாதிப்பது: 'அப்பாகிட்ட நைஸ் பண்ணி வண்டிச் சாவிய வாங்கிட்டான்.' பின்னிரண்டையும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கொண்டு சொன்னால் யாருக்கும் விளங்காது. அலுவலக மின்னஞ்சலில் 'ஹி நைஸ்லி எஸ்கேப்ட்' என்று ஒருவர் எழுதிப் பார்த்திருக்கிறேன். அதைப் படித்த வெளிநாட்டுக்காரர் அவர் அழகாகத் தப்பினார் என்றே எண்ணியிருப்பார்.

இந்த மூன்று பொருள்களும் ஏன் ஒன்றுசேர்ந்தன என்று யோசித்தால், தமிழில் முன்பே இருந்த 'நயம்' அந்த இடத்தைத் தயார்செய்து வைத்திருந்ததாக எனக்குப் படுகிறது. மளிகைக் கடையில் 'நயம் புளி', 'நயம் துவரம்பருப்பு' என்றால் உயர்ந்த தரம்; 'நயமாகப் பேசினார்' என்றால் இதமாகப் பேசி வழிக்குக் கொண்டுவந்தார்; 'நயவஞ்சகம்' என்றால் இனிமைக்குள் ஒளிந்த சூது. தரம், இதம், சூது என்று நயத்துக்கு இருந்த அதே மூன்று முகங்கள் நைஸுக்கும் வந்து ஒட்டிக்கொண்டன. மாவைப் பொறுத்தவரை 'நைய அரைத்தல்', 'நைந்த துணி' என்று நம் வாயில் புழங்கும் 'நை' என்ற வினையும் காதுக்கு ஒத்துழைத்திருக்கும். ஓசை ஒற்றுமையைக் கண்டு, நயத்திலிருந்துதான் ஆங்கில 'நைஸ்' பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்; அதன் வழித்தடம் இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக எழுத்துச் சான்றுகளோடு கிடைக்கிறது, அதில் தமிழுக்கு வேலை இல்லை.

உங்கள் தீர்ப்பு வரிக்கு என்னைக் கேட்டால், 'இது நுட்பமான ஒரு சட்டக் கேள்வியை எழுப்புகிறது' என்ற மூத்தவரின் திருத்தத்தையே வைத்துக்கொள்வேன். அடுத்த பத்தியில் நீதிபதி இரு தரப்பு வாதங்களையும் சமமாக எடைபோட்டிருந்தால் மட்டும், 'எளிதில் முடிவு சொல்ல இயலாத நுட்பமான சட்டக் கேள்வி' என்று சில சொற்களைக் கூட்டிக்கொள்வேன்.